இன்னும் விற்காத பசு

“பசுவுக்கு மூச்சு இருக்கும்போதே ரேகையை வைடா, அத்லான்.”

“கால் ஒடிஞ்ச பசு எனக்கெதுக்கு? உங்க மேனேஜருக்கு சூப்பு வைங்க.”

கதாரிஃப் ஊர் மாட்டுச் சந்தையில் உச்சி வெயில் கொளுத்துகிறது. மார்க்கப்படி வட்டி கூடாதென்பதால், கடன் தராமல் வங்கியே பசுவை வாங்கி, லாபம் வைத்து அத்லானுக்குத் தவணையில் விற்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போது பசு விழுந்துவிட்டது. விற்பனைப் பத்திரத்தில் அவன் ரேகை பதியாதவரை நஷ்டம் வங்கிக்கு. வங்கி அதிகாரி சித்தீக், அத்லானைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்குகிறார். மைப்பெட்டி கவிழ்ந்து புழுதி நீலமாகிறது. அத்லான் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்குகிறான். சுள்ளி ஒடிவதுபோல் அவன் விரலில் ஒரு சத்தம். முஷ்டி திறக்கவில்லை. பசுவின் வாயில் ரத்த நுரை. தானாகச் செத்தால் கறியும் ஆகாது. அறுக்கச் சொன்னாலோ பசு தனதென்று ஒப்புக்கொண்டதாகி, சொன்னவர் தலையில் நஷ்டம் விழும். கசாப்புக்காரர் கத்தியோடு குனிகிறார்.

“கண்ணு சொருகுதுப்பா. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் அறுன்னு சொல்லுங்க.”