பின்வாசல் வழியே வருகிறவர்

“மனுஷனாடி உன் வீட்டுக்காரர்? ஆபரேஷன் ஆன நாய் கூண்டுல கிடக்கு. எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாரே!”

பார்க்க வந்த அக்கா, பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை, நாய் துரையை இரண்டு கையாலும் ஏந்தி முற்றத்துக்குக் கொண்டுபோய், காரியம் முடிந்ததும் திரும்பத் தூக்கிவந்து கூண்டில் படுக்கவைத்தாள். நாள் முழுக்க இதுதான் வேலை. இடுப்பு கழன்று விழாத குறை.

துரை மாடியிலிருந்து குதித்ததில் முன்னங்கால் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. டாக்டர் தகடு வைத்து எலும்புகளை ஒன்றாக இறுக்கியிருந்தார்.

“அந்த மூட்டு இனிமே மடங்காதும்மா. ஆனா வலிக்காது, நல்லா நடக்கும். எலும்பு ஒட்டுற வரைக்கும் குதிக்க மட்டும் விட்டுடாதீங்க. தகடு பேந்துச்சுன்னா காலையே எடுக்கணும்.”

கணவரும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். அன்றைக்கு மூடிய வாயை வீட்டுக்குள் இன்னும் திறக்கவில்லை. பட்டறை விட்டுப் பின்வாசல் வழியாக வருகிறார். அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கை ஜாடைதான்.

“முன்னே தோள்ல போட்டுக் கொஞ்சினதென்ன! இப்ப நொண்டின்னதும் உன் தலையில கட்டிட்டாரு. நாளைக்கு நீ படுத்தாலும் இதே கதிதான், பார்த்துக்கோ.”

தங்கைக்குச் சுருக்கென்றது. குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

தெருமுனையில் அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“வண்டி ரிப்பேரா?”

“இல்ல. அந்த வளைவுலேயே இன்ஜினை அணைச்சுட்டேன்.”

“எதுக்குங்க?”

“அன்னைக்கு என் வண்டிச் சத்தம் கேட்டுத்தானே மாடியிலேருந்து குதிச்சுது? என் குரல் கேட்டாலும் கூண்டுக்குள்ளேயே எகிறும். அப்புறம் கால் என்னத்துக்கு ஆகும்?”

“என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீயும் உங்க அக்காவும் சிரிப்பீங்க.”

அவள் சிரிக்கவில்லை. கூடையை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பின்னால் போய் வண்டியைத் தள்ளினாள்.

வீடு இன்னும் தூரத்தில் இருக்கும்போதே, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சாப்பிட்டுச்சா, துரை?”