சிவப்புப் பூட்டு

தெருமுனை வரை போன என் கணவர் திரும்பி வந்தார். சாப்பாட்டு டப்பா மேசைமேலேயே இருந்தது.

“தலை கழுத்தோட ஒட்டியிருக்கு, அதனால தப்பிச்சுது. இல்லேன்னா அதையும் ஆணியில மாட்டிட்டுப் போயிடுவீங்க” என்றேன். சிரித்தபடி டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை மூடிய பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

சோப்புத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். சோப்புக் கலக்கும் பெரிய தொட்டிக்குள் இரும்பு இறக்கைகள் சுற்றும். அதைப் பழுதுபார்க்க உள்ளே இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சைத் தன் சிவப்புப் பூட்டால் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரே வெளியே வந்து திறக்கும்வரை அந்தப் பூட்டை இன்னொருவர் தொடக் கூடாது.

அன்று அந்தப் பூட்டை வெட்டி எந்திரத்தை ஓட்டியவன் தொட்டியின் ஆபரேட்டர். அடக்கம் முடிந்த வாரம் என் காலில் விழுந்து சொன்னான். அன்றிலிருந்து அவனை ஆபரேட்டர் என்றுதான் நான் சொல்கிறேன்.

வெட்டிய பூட்டைப் பழைய இரும்போடு வீசிவிட்டிருந்தான். பூட்டே போடாமல் இறங்கினார், கவனக்குறைவு அவருடையதுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவன் வாயே திறக்கவில்லை.

விசாரணை அதிகாரி வரும் நாள் காலையில் போதகர் வீட்டுக்கு வந்தார். ஆபரேட்டர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

“தம்பி ஒடிஞ்சு போயிருக்கான்மா. உபவாசம் இருந்து, அழுது, பாவத்த அறிக்கை பண்ணிட்டான். ஆண்டவர் மன்னிச்சுட்டார். போன ஞாயிறு சபையில சாட்சி சொன்னப்ப நீங்களும் இருந்தீங்களே.”

“இருந்தேன். ‘நான் விடுதலையாயிட்டேன்’னான். சபையே கை தட்டிச்சு. எதுலேருந்து விடுதலைன்னு ஒருத்தரும் கேக்கல. இவனும் சொல்லல.”

“அது ஆண்டவருக்கும் அவனுக்கும் நடுவுல உள்ளதும்மா.”

“நடுவுல என் புருஷன் கிடக்காரே ஐயா.”

போதகர் தம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. “வேணும்னா செஞ்சான்? எந்திரம் நின்னுபோச்சுன்னு மேல இருக்கறவங்க கத்தியிருக்காங்க. இவன் கூப்பிட்டுப் பாத்திருக்கான், அந்தச் சத்தத்துல பதில் கேக்கல. வேலைய முடிச்சு டீ குடிக்கப் போயிட்டாரு, பூட்ட எடுக்க மறந்துட்டாருன்னு நினைச்சுட்டான். எதையாவது மறக்கறவர்தானே அவரு.”

“வீட்டுல மறப்பாரு. டப்பா, கண்ணாடி, குடை. அங்க பூட்ட ஒரு நாளும் மறந்ததில்ல. செத்தவரு கவனமில்லாதவருன்னு ஆகிப்போச்சு இப்ப. அத யாரு துடைக்கறது?”

“நீங்க மன்னிக்கணும்மா.”

“மன்னிக்கலேன்னு யாரு சொன்னா? அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது, நீங்க சொன்ன மாதிரியே. நான் கேக்கறது வேற. இன்னிக்கு வந்து நடந்ததச் சொல்லட்டும்.”

“சொன்னா ஜெயிலும்மா. கிருபையால அவிழ்த்துவிட்டவன நாமளே கொண்டுபோய்க் கட்டிப் போடணுமா? யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு உங்களுக்கு ஒரு அவசரம்னா யாரு ஓடி வருவா?”

முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“அவிழ்த்துவிடறது எழுந்து நடக்கறதுக்கு ஐயா. போர்த்திட்டுப் படுத்துக்கறதுக்கா ஆண்டவர் சிலுவை சுமந்தாரு? பயத்துல நாக்கு மேல ஒட்டிப்போய் நிக்கறான் பாருங்க. இவன் விடுதலையானவன்னா, அடிமை எப்படி இருப்பான்? காட்டுங்க, பாக்கறேன்.”

“சகோதரி, கோபம் வேண்டாம்…”

“உங்களால கோபப்படாம இருக்க முடியுது. உங்க வீட்டுல துவைக்காத சட்டை ஒண்ணு சோப்பு வாசனையோட தொங்கல.”

அவர் ஜெபிக்க எழுந்தார். “இவன் வாயத் திறக்கணும்னு பண்ணுங்க. வேற ஜெபம் இங்க வேண்டாம்” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்ன இழுத்துட்டுப் போக மாட்டேன். இழுத்துட்டுப் போனா அதுவும் ஒரு கட்டுதான். கால் உன்னுது” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் படியிறங்கினேன்.

விசாரணை அறையில் மேனேஜர், “பூட்டு இருந்ததுக்கு ஆதாரமே இல்ல சார். பாவம், மறந்துட்டாரு” என்று முடித்தார். அந்தப் ‘பாவம்’ எனக்கு நெஞ்சில் இறங்கியது. ஃபோர்மேன் ஆமாம் போட்டார்.

பேனாவை மூடப்போன அதிகாரி, “வேற யாராவது பேசறீங்களா?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. அதிகாரி நிமிர்ந்து, “யாருப்பா நீ?” என்றார்.

“அந்தத் தொட்டியோட ஆபரேட்டர் சார். பூட்ட வெட்டினது நான்தான்.”

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குரல் உடைந்திருந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது.

“எங்கப்பா பூட்டிட்டுத்தான் உள்ள இறங்கினாரு.”