இறங்கும்போது எந்தக் கால்

"அதுக்கு உங்க வாத்தியார் என்ன சொன்னாரு?"

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லும்மான்னாரு."

"பெரிய ஆளாயிட்டே போ," என்றான் தம்பி.

அவன் பாயில் மல்லாந்து படுத்திருந்தான். அக்கா அவனுடைய இடது குதிகாலை ஒரு கையில் ஏந்தி, மறுகையைத் தொடைமேல் வைத்து, காலை மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தாள். பந்து விளையாடப் போன இடத்தில் அவனுக்கு முழங்கால் மூட்டுக்குள் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து சாயங்காலம்தோறும் இது நடக்கிறது.

அவள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் குற்றவியலும் சேர்த்துப் படிக்கிறாள்.

சொந்தக்காரர்களில் யாருக்கும் இந்த ஜோடி பிடிபடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றார் மாமா. தம்பிக்கு மட்டும் உடனே புரிந்தது. ஓடுகிறவனுக்கும் நீதான் கோச், துரத்துகிறவனுக்கும் நீதான் கோச் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இன்று மதியம்தான் இரண்டு படிப்பும் முதன்முறையாக ஒரே அறையில் சந்தித்தன.

குற்றவியல் ஆசிரியர் திரையில் ஒரு காட்சியைப் போட்டார். எல்லோருடைய போனிலும் ஏற்கெனவே இருந்த காட்சிதான். சரக்குக் கிடங்கின் காவலாளி மாடிப்படியில் தள்ளிவிடப்பட்டு இறந்த அன்று, வாசல் கேமராவில் பதிந்தது. தலையை மூடிய ஒருவன். முதுகு மட்டும் தெரிகிறது. வாசல் படிகளில் இறங்கிப் போகிறான்.

ஓடவில்லை. நடந்து போகிறான்.

ஓர் உயிரை எடுத்துவிட்டு இவ்வளவு நிதானமாக நடக்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சன் என்று கேட்டார் ஆசிரியர். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது.

அவள் கையைத் தூக்கினாள். அந்த அறையில் தசையையும் மூட்டையும் படித்தவள் அவள் ஒருத்திதான்.

அது நிதானம் இல்லை, அவனால் ஓட முடியாது என்றாள்.

இடது முழங்கால் முழுதாக நீளவில்லை, பாருங்கள். பாதம் குதிகாலில் ஊன்றாமல் தட்டையாக விழுகிறது. அறுவை சிகிச்சை நடந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒவ்வொரு படியிலும் அந்தக் காலைத்தான் முதலில் வைக்கிறான். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோகும் கால். யாரோ பக்கத்திலேயே நின்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்திலும் அவன் அதை மறக்கவில்லை.

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். முதல் வருடத்திலிருந்து யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

திரையில் கடைசிப் படியை விட்டு இறங்கியவன் நின்று, இடது பாதத்தை ஒரு முறை உதறினான். ஈரத்தை உதறுவதுபோல.

அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள். வாக்கியம் நிற்கவில்லை. சரியான வாக்கியம் அது. தானாகவே போய் முடிந்தது.

இவ்வளவையும் தம்பியிடம் சொல்லிவிட்டாள். உதறியதை மட்டும் சொல்லவில்லை.

"ரெண்டு படிப்பு படிக்கிறா மகராசி, ஒரு துணிய மடிச்சு வைக்க மாட்டா," என்றாள் அம்மா, உள்ளறையிலிருந்து.

தம்பி சிரித்தான்.

அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே அவன் தொடைத் தசை கல்லாகிக் கிடந்தது. இறுக்கு என்று அவள் சொல்லவில்லை.

"தளர்த்து," என்றாள்.

தளரவில்லை.

"நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் வர்றாராம். வாத்தியாரே போன் போட்டுச் சொல்லிட்டாரு. ஊருல முட்டி ஆபரேஷன் பண்ணினவங்க எத்தனை பேர் இருந்துடப் போறாங்க, அதுல எளவட்டம் எத்தனைன்னு சந்தோஷப்படறாரு. நான் அவர் முன்னாடி திரும்பச் சொல்லணும்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். வகுப்புக்கே கேக்கிற மாதிரி சொல்லியாச்சு. இனிமே என்னத்த இல்லைங்கிறது?"

அம்மா துணிகளை உதறி மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அவன் கல்நெஞ்சன் இல்லன்னு சொன்னே இல்ல?"

"ஓட முடியாதுன்னுதான் சொன்னேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் காலை இன்னொரு முறை மடக்கி, நீட்டி, பாயில் இறக்கி வைத்தாள். இன்றைக்கான கணக்கு முடிந்திருந்தது. இருந்தும் கையை எடுக்கவில்லை.

அவன்தான் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்தான். ஜன்னல்வரை நடந்தான். நின்று, வழக்கம்போல இடது பாதத்தை ஒரு முறை உதறினான். திரும்பி வந்தான். தன் பாதங்களையே பார்த்து நடந்தான், அவை வேறு யாருடையவோ என்பதுபோல. மறுபடியும் ஜன்னல்வரை போனான். தோளைச் சாய்த்துப் பார்த்தான். வலது காலை இழுத்துப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளறையில் சத்தம் நின்றது. அம்மா மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கப் போயிருக்க வேண்டும்.

அவன் வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். முழுதாக மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"விடியறதுக்குள்ள எனக்கு வேற மாதிரி நடக்கக் கத்துக் குடுக்கா."