நாக்குக்கு அடியில்

காரைக்குடியில் ஒரு போதை மறுவாழ்வு மையம். ஜன்னல் வெயிலில் அந்தோணி பிரபு வாயை மூடி உட்கார்ந்திருக்கிறான். வலி மாத்திரைப் பழக்கத்தை விடும்போது வரும் நடுக்கத்தை அடக்க, ஒரு மாத்திரை அவன் நாக்குக்கு அடியில் கரைகிறது, கரையும்வரை பேசக்கூடாது. பக்கத்தில் மனைவி சகாயராணி டிபன் பையை மடியில் இறுக்கிக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் சந்திரலேகா டார்ச்சோடு குனிகிறாள். "நாக்கத் தூக்குங்கண்ணே." உடனே தூக்குகிறான். "ஒளிச்சு வைக்காம கரைச்சிட்டீகளே!" என்று அவள் சிரிக்க, அவன் காது சிவக்கிறது. மூன்று வருடம் 'என்னத்த முழுங்குனீக, வாயத் தொறங்க' என்று கெஞ்சியும் சகாயராணிக்குத் திறக்காத வாய். அவள் எழுந்து கையை நீட்டுகிறாள். "டார்ச்சக் குடுங்க சிஸ்டர், நானும் ஒருக்கப் பாத்துக்கிறேன்." வாங்கி அவள் அடித்த வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது. திறக்கலாமா என்பதுபோல், அவன் நர்ஸைப் பார்க்கிறான்.