உள்ளங்கையில் கற்பூரம்

"ஆத்தாதான் வந்திருக்கான்னா கையில கற்பூரத்த ஏத்துங்க. இல்லன்னா தலைய முடிஞ்சிக்கினு வூட்டுக்குப் போகச் சொல்லுங்க," என்றான் சக்கரவர்த்தி.

கூழ் வார்க்கக் கூடியிருந்த அடி அண்ணாமலை ஜனம், மாரியம்மன் கோயில் வாசலில் இன்னும் நெருங்கி நின்றது. பம்பை வேகம் பிடித்தது. நடுவில் தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டிருந்தாள் ஜோதியம்மாள். அவள்மேல் எந்தச் சாமியும் வரவில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மலை சுற்றும் பாதையை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை, விடுதி கட்டுகிறவர்களுக்கு விற்கச் சொல்லி அவள் புருஷன் சகாதேவனைக் கரைத்திருந்தான் அவனுடைய அண்ணன் சக்கரவர்த்தி. திங்கட்கிழமை பத்திரப்பதிவு. அழுதும் பட்டினி கிடந்தும் பார்த்துவிட்டாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவன் ஆத்தா பேச்சையாவது கேட்பான் என்றுதான், "என் மண்ண விக்காதடா" என்று கூவி ஆடத் தொடங்கியிருந்தாள்.

பூசாரி தயங்க, சக்கரவர்த்தியே ஒரு கட்டிக் கற்பூரத்தை அவள் வலது உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தான். ஜோதியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் நிலமும் போச்சு, மானமும் போச்சு.

சுடவில்லை.

கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்து, கரைந்து, தானாக அணைந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "தாயே" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சகாதேவன் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"விக்கல தாயே. சத்தியமா விக்கல."

அன்றிலிருந்து ஜோதியம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பொய்யாக ஆடியவளிடம் ஆத்தா நிஜமாகவே இறங்கியிருக்கிறாளே. மறுநாள் கொதிக்கிற சோற்றுக் குண்டானைத் துணியில்லாமல் இறக்கிப் பார்த்தாள். அப்போதும் சுடவில்லை. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இருபது வருஷமாக வாடி போடி என்ற சகாதேவன், "சாப்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு சரசு, கல்யாணமாகாத மகளுக்குத் திருநீறு வாங்கிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள், தோல் பரிசோதனைக்காக வீடு வீடாக வந்துகொண்டிருந்த அரசாங்க நர்சு மதிவதனி அங்கேயும் வந்தாள். நடந்ததையெல்லாம் சரசு மூச்சுவிடாமல் சொன்னாள். மதிவதனி சிரிக்கவில்லை. ஜோதியம்மாளின் கையைத் திருப்பி, கொப்புளங்களைப் பார்த்தாள்.

"இது வலிக்கலீங்களா?"

"ஆத்தா வலிக்க வுடுவாளா?"

தோலுக்கு அடியில் பொடிப்பொடியாக நரம்பு முனைகள் இருப்பதையும், சூடு, வலி, தொடுகை எல்லாவற்றையும் அவைதான் மூளைக்குச் சொல்லும் என்பதையும் மதிவதனி விளக்கினாள். தொழுநோய் முதலில் கெடுப்பது அவற்றைத்தான், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும் என்றாள்.

அந்தக் கதையெல்லாம் தனக்கெதற்கு என்று ஜோதியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டபடி கண்ணை மூடிக் கையை நீட்டினாள்.

"பேனாவால தொடுவேன். தொட்ட எடத்தச் சொல்லுங்க."

காத்திருந்தாள். சரசுவின் பேச்சு சட்டென்று நின்றது.

"எப்பம்மா தொடப் போறே?" என்றாள் ஜோதியம்மாள், பேனா முனை தன் உள்ளங்கையில் மூன்றாம் முறையாக அழுந்துவது தெரியாமல்.