பெருக்கல் குறி

"போன வாரம்தானே பீரியட்ஸ் முடிஞ்சுது. அதுக்குள்ள மறுபடியுமா?"

அம்மா போர்வையை இழுத்தாள். வீட்டில் வாலு என்று பேர் வாங்கிய பதிமூன்று வயது மகள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்றைக்குக் கணக்குப் பரீட்சை வேறு.

அம்மாவுக்கு இந்த நாடகமெல்லாம் அத்துப்படி. தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். வயிற்றுவலி என்று லீவு கேட்கிறவர்களின் தேதியை நோட்டில் குறிப்பாள். பொய் என்று பட்டால் பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நாலு மாதமாக அந்த நோட்டின் கடைசிப் பக்கம் மகளுக்கு.

"எனக்கே காது குத்தறியா?" மகள் திரும்பிப் பார்க்கப் பார்க்கவே அம்மா தேதியை எழுதிக் குறியையும் போட்டாள். "மாசத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ஒன்பது நாள். ஊர் உலகத்துல யாருக்கு இப்படி வருது? எழுந்திரு."

வாலு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே யூனிஃபார்ம் மாற்றினாள். அம்மா அதையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாலுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை. போகிற ரத்தத்துக்கு ஈடுகொடுக்க உடம்பில் இரும்புச்சத்து மிச்சமில்லை, இன்னும் விட்டிருந்தால் இதயமே திணறியிருக்கும் என்றார். உடனே அட்மிட் செய்யச் சொன்னார்.

"எப்பெப்ப வந்துச்சு, எத்தனை நாள் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நிறைய அம்மாக்களுக்குத் தெரியறதில்லை."

கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்ததில் நோட்டு பையிலேயே இருந்தது. அம்மா தயங்கித் தயங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். முன் பக்கங்களை அவர் திருப்பிவிடக் கூடாதே என்றிருந்தது.

டாக்டரம்மா மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"இவ்வளவு அக்கறையா எழுதி வெச்ச அம்மாவை நான் பார்த்ததில்லைங்க. எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆமா, பக்கத்துல இந்தச் சிவப்புக் குறி எதுக்கு?"

அம்மா நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். கண்கள் தரையை விட்டு எழவில்லை.

கட்டிலிலிருந்து வாலுவின் குரல் மெல்ல வந்தது.

"அதெல்லாம் எனக்கு ரொம்ப முடியாமப் போன நாள், டாக்டர். அம்மா கரெக்டா குறிச்சு வெச்சிருக்காங்க."