சொத்து விவரம்

'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அவள் தொடப் போனாள். அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறவர். கட்டிய மனைவியே ஆனாலும் படிக்காமல் ஒப்புக்கொள்ள விடுவாரா?

அவள் கதை எழுதுகிறவள். ரேஷன் கடை வரிசையில் நாலு வரி, குக்கர் விசில் அடிப்பதற்குள் நாலு வரி, எல்லாம் போனிலேயே. இப்போது போனில் இடமில்லை. இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டால் கதைகள் பிழைத்துக்கொள்ளும்.

பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தாள். ஒருவரும் பதில் போடவில்லை.

அவரிடம் காட்டியதில்லை. அவரும் கேட்டதில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து படித்தார். நடுநடுவே உச்சுக் கொட்டினார்.

"எழுதியிருக்கான் பாரு. உரிமை உனக்குத்தானாம். ஆனா அவனும் நகல் எடுப்பானாம், வெளியிடுவானாம், மொழிபெயர்ப்பானாம். உலகம் பூராவும்."

மொழிபெயர்ப்பானாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் கேளு. அவன் ஆளுங்க நம்ம ஃபைலத் தெறந்து பாக்கலாமாம். எல்லாத்தையும் படிச்சிருவானுவ."

"நெசமாவா?"

அவர் நிமிர்ந்தார். பயப்படுவாள் என்று நினைத்தார். அவளோ முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

எவனோ ஒருவன். எந்த ஊர்க்காரனோ. தமிழ் தெரிந்தால் போதும்.

அவள் போனுக்குக் கையை நீட்டினாள்.

அவர் தரவில்லை.

நிலமோ வீடோ, நேரில் போய்ப் பார்க்காமல் அவர் எந்தப் பத்திரமும் எழுதியதில்லை. வரப்பில் நடப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார். அப்படி எட்டிப் பார்த்ததில் ஒருமுறை கண்ணாடி கிணற்றுக்குள் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எவனெவனோ பாக்கப் போறான். சொத்த நான் இன்னும் பாக்கலயே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. போனை வாங்கி, கைக்கு வந்த கதையைத் திறந்து அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

பாலை அடுப்பில் வைத்தபோதுதான் உறைத்தது, எந்தக் கதை என்று.

கிணற்றில் கண்ணாடியைத் தொலைத்த பத்திர எழுத்தர் கதை.

போச்சு.

கூடத்தை நோக்கி அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

மெல்ல ஒரு செருமல். பிறகு ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல். அவள் எந்த வரியில் சிரிக்க வேண்டும் என்று எழுதினாளோ, அந்த வரிக்கு வந்திருப்பார்.

"ஏளா," என்று கூப்பிட்டார். "அடுத்தது எங்க இருக்கு?"

அப்போதுதான் பார்த்தாள். பாலை வைத்ததோடு சரி, அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை.